அழிக்கவும் இடம் வேண்டும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ‘ர’ எங்கே, ‘ற’ எங்கே என்பது இன்றைக்கும் எனக்குக் குத்துமதிப்புதான். சர்வீஸ் சீட்டில் ‘பழுது’ என்ற சொல்லை மூன்று விதமாக எழுதியிருக்கிறேன். நீங்கள் சிரித்தீர்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். இதை யாரிடமாவது கொடுத்து டைப் அடித்து வாங்கியிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்து டைப் அடிக்கிறவர் ஒருவர்தான், இதில் பாதி அவரைப் பற்றியது. அதனால் கையாலேயே எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கண் காரணமாகப் போன மாதத்தோடு வேலையை நிறுத்திவிட்டேன் அல்லவா? சாவியைக் கொடுக்கப் பாடியில் உள்ள நம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்த அன்று பிரவீன் கேட்டான். “அண்ணாத்தே, பூந்தமல்லி அக்கா சென்டருக்குப் புது அடுக்கு ஃபைல் சிஸ்டம் போடலாம்னு கீறோம். இன்னும் எக்ஸ்பெரிமென்டல்னுதான் போட்டிருக்கான். அது ஸ்டேபிளா இல்லியா? ஒரே வார்த்தைல சொல்லிட்டுப் போ.”

நிஷா உடனே, “அவரு ஒரு வார்த்தை பேசிட்டா இன்னிக்கு அம்பத்தூர் ஏரி ரொம்பிடும்” என்றாள். எல்லோரும் சிரித்தீர்கள். நான் மேசைக்கு அடியில் குனிந்து, விழாத திருகாணி ஒன்றைத் தேடினேன். முப்பது வருடமாக எனக்கு அதுதான் வழக்கம். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனாலும் முதலில் மேசைக்கு அடியில் நுழைந்துவிடுவேன். அங்கே யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

அன்றைக்கு வராத பதில்தான் இது. ஒரு வார்த்தையில் அடங்கவில்லை.

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் அக்காவின் சென்டர் இருக்கிறது. ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த இடம். இப்போது எட்டுக் கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு பிரின்டர். அரசு வேலை, கல்லூரி, பாஸ்போர்ட், பட்டா, எதற்கு விண்ணப்பம் போட வேண்டுமென்றாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரிடம்தான் வருவார்கள். தன் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். “எழுதினா உன் தப்புத் தமிழ்ல என் பேரு கெட்டுப் பூடும்” என்றார். அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த சென்டரில் ஒன்று நடந்தது. ஒரு பெண் விண்ணப்பத்துக்காகத் தன் போட்டோவை ஸ்கேன் செய்துவிட்டு, அதை மெஷினிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அடுத்து உட்கார்ந்தவன் அதை எடுத்து, தெருவில் உள்ள பையன்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டான். அவளுடைய அப்பா வந்து வாசலில் நின்றார். கத்தவில்லை. “உங்கள நம்பித்தானேம்மா அனுப்பினேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா இரண்டு நாள் சென்டரைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

“ஏழுமலை, ஒருத்தரு எழுந்து போனா அவங்க நெழலுகூட அந்த மிசின்ல தங்கக் கூடாது. நீ இன்னா பண்ணுவியோ எனக்குத் தெரியாது.”

அப்போதுதான் அடுக்கு ஃபைல் சிஸ்டம் என்று ஒன்று வர ஆரம்பித்திருந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்று அக்காவுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய மேசையையே காட்டினேன். மேசைமேல் ஒரு கண்ணாடி, அதற்கு அடியில் நிரப்பிக் காட்டிய மாதிரிப் படிவங்கள். “கீழ இருக்கிற படிவம்தான் நாம மொதல்ல போட்டு வெச்ச சிஸ்டம். அதுல யாரும் எழுத முடியாது. ஆளுங்க எழுதறதெல்லாம் கண்ணாடி மேலதான். பாக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணா தெரியும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா கண்ணாடி தொடச்ச மாதிரி ஆயிடும்.”

“யாராவது கீழ இருக்கிறத அழிச்சா?”

“அழியாதுக்கா. அது மேல ஒரு சீட்டு ஒட்டின மாதிரி மறைஞ்சுடும். ஆன் பண்ணா சீட்டும் போயிடும்.”

அக்காவுக்குப் பிடித்துவிட்டது. “இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?” என்றார்.

ஆனால் அதைச் செய்தவர்களே தங்கள் இணையப் பக்கத்தில் ‘எக்ஸ்பெரிமென்டல்’, அதாவது இன்னும் சோதனையில்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். எனக்கு ஆங்கிலம் தெரியாது. மெஷின் கெட்டுப்போகும்போது திரையில் வரும் சொற்களைத்தான் தெரியும். லாஸ்ட், கரப்ட், பேனிக், ஃபெயில்ட். எழுத்துக் கூட்டிப் படிக்க மாட்டேன். முகம் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்வதுபோல அந்தச் சொற்களின் உருவத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். அந்தப் பக்கத்திலும், ஆட்கள் குறை எழுதும் இடத்திலும் அந்த முகங்கள் எத்தனை இருக்கின்றன என்று பார்த்தேன். அதிகம் இல்லை. இருந்ததற்கும் செய்தவர் பதில் எழுதியிருந்தார். சரி என்று தோன்றியது. இப்போதும் அந்த வழியைத் தப்பென்று சொல்ல மாட்டேன். பாதி வழி என்பேன்.

பிறகு ஒரு மெஷினில் போட்டு மூன்று வாரம் பார்த்தேன். டைப் அடித்தேன், பிரின்ட் எடுத்தேன், ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கினேன். ஒவ்வொரு தடவையும் குளித்துவிட்டு வந்ததுபோல எழுந்து வந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது. அக்காவிடம் சொன்னேன்: “நல்லா ஓடுதுக்கா.”

எட்டு மெஷினுக்கும் போட்டேன். அதோடு நிற்கவில்லை. வைரஸ் வரக் கூடாது என்று பென் டிரைவ் சொருகும் ஓட்டைகளையெல்லாம் பசை வைத்து அடைத்தேன். ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றை எட்டிப் பார்க்கும் வழியையும் மூடினேன். யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்தேன்.

இரண்டு மாதம் ஒரு புகாரும் இல்லை.

அன்றைக்கு நான் ஆவடியில் ஒரு வீட்டில், மேசைக்கு அடியில் ஒயர் மாற்றிக்கொண்டிருந்தேன். மணி மூன்றே முக்கால் இருக்கும். அக்கா போன் செய்தார்.

“ஏழுமலை, மூணாம் நம்பர் மிசினு ரொம்பிடுச்சாம்பா. இடம் இல்லேன்னு சொல்லிக்கினு நிக்குது.”

“எதையும் அழிக்காதீங்கக்கா, நான்...”

“அழிச்சிப் பாத்தேனே! பாட்டு, படம், பழைய மாதிரிப் படிவம், மொத்தத்தையும் புடிச்சி அழுத்தினேன். அழிக்கறதுக்கு இடம் இல்லேன்னு வருது. ஏம்பா, குப்பையக் கொட்றதுக்கே எடம் கேக்குற மிசின எங்கருந்து புடிச்சிகினு வந்த நீ?”

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அக்காவின் குரலில் அன்று சிரிப்பு இல்லை.

மூன்றாம் நம்பரில் உட்கார்ந்திருந்தவர் கலைவாணி. வேப்பம்பட்டிலிருந்து ரயிலும் பஸ்ஸும் ஏறி வந்திருந்த நர்ஸ். பல வருடமாக ஒப்பந்த வேலை. அன்றைக்கு நிரந்தர வேலைக்கு விண்ணப்பம் போடக் கடைசி நாள், மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். காலை பத்து மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். வேலை பார்த்த ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் ஒரு சான்றிதழ், படிப்புக்கு ஒரு கட்டு. தெளிவாக இல்லை என்று ஒரு தடவை திருப்பி அனுப்பப்பட்டதால் எல்லாவற்றையும் பெரிய அளவில் ஸ்கேன் செய்து, பிறகு ஒவ்வொன்றாகச் சின்னதாக்கி வைத்திருந்தார். பெரியதும் சின்னதும் கண்ணாடியின் மேலேயே கிடந்தன. என் மூன்று வாரச் சோதனையில் யாரும் அரை மணி நேரத்துக்கு மேல் உட்காரவில்லை. ஒருவர் காலை முதல் மாலை வரை உட்காருவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“சரி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடட்டா? எப்பவும் நீ அதானே சொல்லுவ” என்றார் அக்கா.

“வேணாம்!” என்று கத்திவிட்டேன்.

வாழ்க்கையில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் கத்தியது அந்த ஒரு தடவைதான். அந்த வீட்டு அம்மா பயந்துபோய், எனக்கு ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்துக் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“தே, கத்தாத” என்றார் அக்கா. “காது கீது எனக்கு. விசயத்த சொல்லு.”

ஆஃப் செய்தால் கலைவாணியின் ஒரு நாள் வேலை போய்விடும். திரும்ப ஸ்கேன் செய்ய வேண்டும். ஒரே ஸ்கேனர், அதற்கு முன்னால் ஒரு வரிசை. அன்று எட்டு மெஷினிலும் அதே விண்ணப்பம்தான். வேறு மெஷினுக்கு மாற்றலாமா? பென் டிரைவ் ஓட்டையை அடைத்தவன் நான். மெஷினுக்கு மெஷின் வழியை மூடியவன் நான். பழைய முறையில் ஒரு மெஷினாவது விட்டிருந்தால் அவருடைய காகிதங்களை அங்கே காலையிலேயே நிம்மதியாக வைத்திருக்கலாம். ஒன்றுகூட விடவில்லை. ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு வண்டியில் போய்ச் சேர்வதற்குள் மணி நாலரை தாண்டிவிடும்.

அந்த மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்தேன். கண்ணை மூடி அக்காவின் கண்ணாடியை நினைத்தேன். பாட்டும் படமும் கண்ணாடிக்குக் கீழே இருப்பவை. அவற்றை அழிக்க முடியாது, சீட்டு ஒட்டி மறைக்கத்தான் முடியும். சீட்டும் கண்ணாடி மேல்தான் ஒட்ட வேண்டும். கண்ணாடியிலோ விரல் வைக்க இடம் இல்லை. அதனால்தான் அழிப்பதற்கு இடம் கேட்கிறது. அக்கா எவ்வளவு அழித்தாலும் ஒரு நூல் இடம்கூட வராது. இடம் வேண்டுமென்றால் இன்றைக்குக் கண்ணாடி மேல் எழுதியதில்தான் எதையாவது துடைக்க வேண்டும். இன்றைக்கு எழுதியது எல்லாமே கலைவாணியுடையது.

“அக்கா, போன அவங்ககிட்ட குடுங்க.”

எனக்குத் தெரியாத ஒரு பெண்ணிடம் நானாகப் பேசப்போகிறேன் என்பதே அக்காவுக்கு நிலைமையைச் சொல்லியிருக்கும். ஒன்றும் கேட்காமல் கொடுத்தார்.

“அண்ணா,” என்றார் கலைவாணி. அழுதுவிட்டு நிறுத்திய குரல். “எனக்கு இதான் கடைசி வருசம்ணா. அடுத்த தடவ வந்தா வயசு தாண்டிடும்.”

“சரிம்மா. உங்க கைல இருக்கிற காகிதத்துல, தப்பாப் போனாக்கூட ரெண்டே நிமிசத்துல திரும்ப ஸ்கேன் பண்ணிக்கலாம்னு ஒண்ண எடுங்க.”

“பத்தாவது மார்க் ஷீட்டு. ஒரே பக்கம்.”

“அதுல பெருசா ஸ்கேன் பண்ணது எந்த ஃபோல்டர்ல இருக்கு, சின்னது எதுல இருக்கு? எனக்குச் சொல்ல வேணாம். நீங்க விரல வெச்சிக் காட்டுங்க, அக்கா பாக்கட்டும்.”

“காட்டிட்டாம்பா” என்று அக்காவின் குரல் பின்னாலிருந்து வந்தது.

“இப்ப பெருச மட்டும் அழிங்க. சும்மா அழிச்சா குப்பைத் தொட்டிக்குப் போவும். தொட்டியும் அந்த இடத்துலதான் கீது. ஷிஃப்ட்ட அழுத்திக்கினே அழிங்க. அந்த ஒண்ணு மட்டும். வேற எதையும் தொடாதீங்க.”

“போயிட்டா?”

“போறதுக்குத்தாம்மா பண்றோம். தப்பாப் போனா ரெண்டு நிமிசம் போவும். அவ்ளோதான்.”

போனில் பூந்தமல்லி பஸ்களின் ஹாரன் மட்டும் கேட்டது. பிறகு அவர் சொன்னார்: “போயிடுச்சுண்ணா. இடம் கேக்கல.”

அதன் பிறகு ஒவ்வொன்றாக. பெரியதன் பெயரை அவர் படிப்பார், சின்னது இருக்கிறதா என்று அக்கா பார்த்துச் சொல்வார், அப்புறம்தான் ஷிஃப்ட். ஐந்தாவது போனதும் நின்றிருந்த விண்ணப்பப் பக்கம் நகர ஆரம்பித்தது. மாநிலம் முழுக்க அதே பக்கத்தில் முட்டிக்கொண்டிருந்த நேரம், ஊர்ந்து ஊர்ந்துதான் போனது. ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் விண்ணப்ப எண் வந்தது. கலைவாணி அதை ஒவ்வோர் எண்ணாக எனக்குப் படித்துக் காட்டினார். எனக்கு எதற்கு அந்த எண்? ஆனாலும் கடைசி எண் வரை கேட்டுவிட்டுத்தான் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். அந்த வீட்டு அம்மா இன்னும் கட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். போய், ஸ்கேனரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“அத்த காலையிலயே தொடச்சாச்சி” என்றார் அக்கா. “இப்டி ஒக்காரு. நல்லா ஓடுதுக்கான்னு சொன்னியே, ஓடறது எனக்கே கண்ணுக்குத் தெரியுதே. அத்த சொல்றதுக்கு நீ எதுக்கு? எப்ப நிக்கும், நின்னா இன்னா போவும், போறத யாரு திருப்பிக் குடுப்பா, அதுதானே உன்னக் கேட்டது.”

நான் துடைத்த துணியையே திரும்பத் திரும்ப மடித்தேன்.

“அதுக்காக மூஞ்சத் தொங்கப் போடாத. ஞாயித்துக்கிழமை வா. நம்மளே ஒடச்சிப் பாப்போம்.”

ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் ஒரு மெஷினை நாள் முழுக்க உடைத்தோம். வாடிக்கையாளர் என்னென்ன கூத்தடிப்பார் என்று அவருக்குத்தான் தெரியும். ஒரே கடிதத்தை நாற்பது தடவை சேமித்தார். கல்யாண வீடியோவைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். பாதி பிரின்டில் காகிதத்தை உருவினார். நான் என் பங்குக்கு, மேலே ஆள் உட்கார்ந்திருக்கும்போதே கீழே உள்ள சிஸ்டத்தில் கைவைத்து மாற்றிப் பார்த்தேன். திரையில் பாதி பழையது, பாதி புதியது, இரண்டும் இல்லாதது எல்லாம் வந்தது. “ஜின்னு புட்ச்சிக்கிச்சு” என்றார் அக்கா, பேய் பிடித்தது என்பதுபோல. எது எப்போது நிற்கிறது, நின்றால் என்ன போகிறது என்று ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதினேன். அதைத்தான் நீங்கள் அக்காவின் சுவரில் பார்த்திருக்கிறீர்கள். வேலை முடிந்ததும் உடனே மெயிலில் அனுப்பு. பாதி இடம் போனதும் பெரியதை அழி. கீழே உள்ளதை அழித்தால் இடம் வராது. ஆள் இருக்கும்போது கீழே கைவைக்காதே. சந்தேகம் என்றால் எட்டாம் நம்பருக்குப் போ.

எட்டாம் நம்பரை அன்றே பழைய முறைக்கு மாற்றிவிட்டோம். அதில் ஆள் எழுந்ததும் அக்கா தானே உட்கார்ந்து கையால் துடைப்பார். இன்றைக்கும் அப்படித்தான்.

தாளை ஒட்டப்போன என்னை அக்கா நிறுத்தினார். “தேதி எங்க?”

“எதுக்குக்கா?”

“இருபத்தஞ்சி வருசமா மனு அடிக்கிறேன். தேதி இல்லாத மனு எந்த ஆபீஸ்லயும் செல்லாது. நீ இன்னிக்கு நல்லாக்கீதுன்னு சொல்ற. அது அடுத்த வருசம் செல்லுமா செல்லாதான்னு எனக்கு எப்டித் தெரியும்? போடு.”

போட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் விண்ணப்பக் காலத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு போய் உடைத்துப் பார்த்துவிட்டுத் தேதியை மாற்றி எழுதுவேன். நீங்கள் அந்தத் தாளில் அடித்து அடித்து எழுதியிருப்பதைக் கேலி செய்வீர்களே, அவை அந்த ஞாயிறுகள்தான்.

பின்னால் ஒருநாள், செய்தவர்களின் பக்கத்தைப் படித்துச் சொல்லச் சொல்லி ஒருவரிடம் காட்டினேன். நிரம்பிவிட்டால் அழிக்க முடியாது என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்ததாம். எனக்குத் தெரிந்த கெட்ட முகங்கள் எதுவும் அந்த வரியில் இல்லாததால் நான் தாண்டிப் போயிருக்கிறேன். தன் குறையைத் தானே எழுதி வைத்த அந்த முகம் தெரியாத ஆள்மேல் எனக்கு மரியாதை வந்தது. பிள்ளைகளே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியும். முழுக்கப் படியுங்கள். குறையே எழுதாத பக்கத்தைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் பயப்படுங்கள்.

கலைவாணிக்கு அந்த வேலை கிடைத்தது. நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. இப்போதும் தங்கைக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று விண்ணப்பம் போட அக்காவிடம்தான் வருகிறாராம். ஆனால் எட்டாம் நம்பர் காலியாகும் வரை பெஞ்சில் காத்திருப்பாராம். “அந்த அண்ணாவ கேட்டேன்னு சொல்லுங்க. ஆனா அடுக்கு மிசின்ல நான் ஒக்கார மாட்டேன்” என்பாராம். அக்கா இதைச் சொல்லும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வரும். அவர் செய்வது சரி என்றும் தோன்றும். ஸ்டேபிளா என்று நம்மைக் கேட்கிறார்கள், நாமும் பதில் சொல்கிறோம். உட்காருவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் அவர். அவர் உட்கார ஒரு பழைய மெஷின் எப்போதும் இருக்க வேண்டும்.

நேற்று பக்ரீத். அக்கா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது, கூடவே ஒரு கேள்வியும் வந்தது: “பசங்க புதுசா ஏதோ போடப் போறாங்களாமே, ஒடச்சிப் பாத்தியா?” இன்று காலை கடையைத் திறந்து தரச் சொல்லி நிஷாவைத் தொந்தரவு செய்தது அதற்குத்தான். நாள் முழுக்க உடைத்தேன். பழையதைவிட நன்றாக இருக்கிறது. நிரம்புவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது. பிளக்கைப் பிடுங்கினால் சமர்த்தாக எழுந்து வருகிறது. முழுக்க நிரம்பியபின் கீழே உள்ளதை அழிக்கச் சொன்னால் இப்போதும் இடம் கேட்கிறது. அது அதன் சுபாவம். மேலே ஆள் இருக்கும்போது கீழே கைவைத்தால் இப்போதும் ஜின் பிடிக்கிறது. கண் சரியில்லாததால் திரையில் வந்த கடைசி இரண்டு வரிகளை நிஷாதான் படித்துச் சொன்னாள்.

பிரவீன், ஒரே வார்த்தை கேட்டாய். ஆமாம். ஏழு மெஷினுக்குப் போடலாம். எட்டாம் நம்பரைத் தொடாதே. சுவரில் உள்ள தாளைக் கிழிக்காதே. அடுத்த விண்ணப்பக் காலத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு நீயும் நிஷாவும் அக்காவோடு உட்கார்ந்து உடைத்துப் பாருங்கள், பிரியாணி நிச்சயம். அப்போது என் தேதியை அடித்துவிட்டு உங்கள் தேதியைப் போடுங்கள். அதுவரைதான் இந்த ஆமாம் செல்லும்.

ஏழுமலை
8.6.2025, ஞாயிறு